எர்த் அடிக்குதுங்க என்று தேடியவர்கள்

என்னை வேலைக்கு எடுத்த நித்யா மேடத்துக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. அதற்கு முன்பு நான் ஒரு விளம்பர அலுவலகத்தில் பம்பு, கிரைண்டர், மோட்டார் கம்பெனிகளுக்குத் தமிழில் நோட்டீசும் கையேடும் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனிகள் ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போக, அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு வேலை தேடி சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அவருடைய அலுவலகத்துக்குப் படியேறினேன். கல்லூரி முடித்த பிள்ளைகளோடு பிள்ளையாக வரிசையில் உட்கார வைத்தார்கள்.

நேர்காணலில் மேடம் என் சான்றிதழைப் பார்க்கவில்லை.

"அக்கா, ஊட்ல கிரைண்டரு சுத்துது, ஆனா மாவு அரைய மாட்டீங்குது. போன்ல என்னன்னு போட்டுத் தேடுவீங்க?"

நான் யோசிக்காமல், "கிரைண்டர் சுத்துது மாவு அரையலைன்னு போடுவேனுங்க" என்றேன்.

மேடம் சிரித்தார். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் 'கோவையின் தலைசிறந்த கிரைண்டர் சர்வீஸ்' என்று தேடுவதாகச் சொன்னார்களாம். "கிரைண்டரு நின்னு போச்சுன்னா யாருக்கா தலைசிறந்ததைத் தேடுவாங்க?" என்றார். திங்கட்கிழமை முதல் வரச் சொன்னார்.

போன மாதம் நான் ஓய்வு பெற்றேன். அலுவலகத்துப் பிள்ளைகள், "மேடத்தோட வேலை செஞ்ச கதையை எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டார்கள். அதனால்தான் இது.

எங்கள் வேலைக்கு ஆர்கானிக் மார்க்கெட்டிங் என்று பெயர். பணம் கட்டி விளம்பரம் போடாமல், ஒருவர் தேடும்போது நம் வாடிக்கையாளரின் பக்கம் தானாக அவர் கண்ணில் பட வேண்டும். அதற்கான வேலை. சொந்தக்காரர் கல்யாணத்தில் என் நாத்தனார், "ஆர்கானிக்கா? நாட்டுச்சர்க்கரை எல்லாம் கெடைக்குமா?" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் பந்திக்கு அழைத்துவிட்டார்கள்.

நான் சேர்ந்த காலத்தில் இந்தத் தொழிலில் தந்திரங்கள் அதிகம். ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் எத்தனை முறை திணிக்கிறோமோ அந்த அளவுக்கு மேலே போகலாம் என்று நம்பினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'கோவை பம்ப், கோவை பம்ப்' என்று நிரப்பி வைத்தவர்களும் உண்டு. மனிதர் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறி மட்டும் படிக்கும். ஆனால் எந்தப் பக்கத்தை மேலே காட்டுவது என்று முடிவு செய்யும் அல்காரிதத்தைத் தேடுபொறிக் கம்பெனிக்காரர்கள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு தந்திரம் செத்தது. மற்ற அலுவலகங்களில் அன்றைக்கெல்லாம் இழவு வீடு மாதிரி இருக்கும். மேடம் மட்டும் உற்சாகமாக இருப்பார். "பாத்தீங்களாக்கா, மெஷினு இன்னும் கொஞ்சம் நல்லாப் படிக்கக் கத்துக்கிச்சு" என்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்வது போல இருக்கும்.

அவருடைய வேலை முறை எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். எந்தக் கம்பெனி வந்தாலும் முதலில் அங்கே போன் எடுக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் எங்களை உட்கார வைப்பார். கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், எந்த வார்த்தையில் கேட்கிறார்கள் என்று அப்படியே எடுத்துவர வேண்டும். நாம் திருத்தக் கூடாது. அலுவலகத்துச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் அந்தக் கேள்விகளைப் பேச்சு வழக்கிலேயே எழுதுவோம். அந்தக் கேள்விகளுக்கு நான் எழுதிய பதிலை மேடத்துக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே கையைத் தூக்குவார். அந்த வரி போய்விடும்.

பக்கம் தயாரானதும் மலிவான பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிவிடுவார். பஸ் ஸ்டாப்பில் நின்று பக்கத்தைத் திறப்பார். சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும். படம் பெரிதாக இருந்து பக்கம் திறக்கத் தாமதமானால் அங்கிருந்தே கூப்பிடுவார். "அக்கா, பஸ்ஸே வந்துருச்சு, நம்ம பக்கம் இன்னும் வர்லைங்க." ஏசி அறையில் வேகமாகத் திறக்கும் பக்கத்தை அவர் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள மாட்டார்.

அல்காரிதம் மாறி நம் பக்கம் ஒன்று கீழே போய்விட்டால் அவர் செய்யும் முதல் காரியம், யாரையும் எதையும் தொட விடாமல் இருப்பது. மாற்றம் முழுவதும் நடந்து முடியட்டும் என்பார். அதற்குப் பிறகு எங்களுக்கு மேலே வந்திருக்கும் பக்கங்களைத் திறந்து, அவர்கள் எதை நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று எழுதச் சொல்வார். குறை சொல்ல அனுமதி கிடையாது. ஒருமுறை ஒரு பையன், "அவங்க பக்கத்துல ஒண்ணுமே இல்லீங்க மேடம்" என்றான். "ஒண்ணுமில்லாததையா மெஷினு மேல வெச்சுருக்குது? மறுக்காப் படிங்க கண்ணு" என்று திருப்பி அனுப்பினார். மறுபடி படித்த பிறகுதான் அந்தப் பக்கத்தில் உதிரிபாகம் மாட்டும் முறை படம்படமாக இருந்ததை அவன் கவனித்தான்.

இதையெல்லாம்விட, மேடம் யார் என்பதை நான் தெரிந்துகொண்டது குப்புசாமி விஷயத்தில்தான்.

சூலூர்ப் பக்கம் நாராயணசாமி என்பவர் நடத்திய மோட்டார் கம்பெனி எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். விவசாயக் கிணறுகளுக்கு மோட்டார் செய்பவர். 'கிணற்று மோட்டார்' என்று யார் தேடினாலும் அவருடைய பக்கம் முதல் வரிசையில் வரும்படி பல வருடம் உழைத்திருந்தோம். அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு.

ஒரு கோடையில், அன்னூர்ப் பக்கம் குப்புசாமி என்ற விவசாயி மோட்டாரைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டார். உயிர் பிழைத்தார். வலது கை வெந்துபோனது. அவருடைய தம்பி சிவக்குமார் ஆஸ்பத்திரிக் கட்டிலையும் கம்பெனி பெயர் தெரியும்படி மோட்டாரையும் படம் பிடித்து, "இந்தக் கம்பெனி மோட்டாரு எங்கண்ணனக் கொல்லப் பாத்துச்சு" என்று சமூக ஊடகத்தில் போட்டுவிட்டார். வீடியோ பரவியது. கம்பெனி ஆட்கள் கோபத்தில் ஒவ்வொரு கருத்துக்கும் கீழே சண்டை போட்டார்கள். அவர்கள் பதில் போடப் போட அது இன்னும் வேகமாகப் பரவியது. இரண்டொரு நாளில் தேடுபொறியில் கம்பெனி பெயரை அடித்தாலே பக்கத்தில் 'ஷாக்' என்ற சொல் தானாக வந்து நின்றது. ஆர்டர் கொடுத்திருந்த கடைக்காரர்கள் நிறுத்தி வைத்தார்கள். வேலையாட்களைக் குறைக்க வேண்டியிருக்கும் என்ற பேச்சு எழுந்தது.

நாராயணசாமி நேரிலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. உட்காரவில்லை.

"அம்மணி, நல்லதா நூறு எரநூறு பதிவு போட்டு அதக் கீழ அமுக்கிப்போடுங்க. எவ்வளவு ஆனாலுஞ் செரி. சென்னைல ஒருத்தரு ஒரே வாரத்துல அமுக்கித் தாரேங்கறாரு."

"மொதல்ல உங்காளுங்களச் சண்டை போடறத நிறுத்தச் சொல்லுங்க சார்" என்றார் மேடம். "நீங்க திட்டுனாலும் மெஷினுக்கு அது ஒரு பதில்தான். இத்தன பேரு பேசறாங்களே, முக்கியமான விஷயமாட்ட இருக்குதுன்னு இன்னும் நாலு பேருக்குக் காட்டும்."

அவர் அங்கேயே போன் போட்டு நிறுத்தச் சொன்னார். பிறகு கேட்டார்: "அமுக்கறதுக்கு என்ன வழி?"

"அவரு கையி எப்புடிங்க வெந்துச்சு?"

நாராயணசாமிக்குப் புரியவில்லை. மேடம் மறுபடியும் சொன்னார். "என்ன நடந்துச்சுன்னு தெரியாம ஒரு வரிகூட நான் எழுத மாட்டேனுங்க சார். மோட்டார்ல தப்பு இருந்தா எழுத வேண்டியது வேற. இல்லீன்னா வேற. வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

"நானா? அங்க வந்தா அடிக்க வருவாங்கம்மணி!"

"நானும் அக்காவும் கூட வாரோமுங்க."

நாங்கள் மூவரும் கம்பெனியின் சர்வீஸ் என்ஜினியரும் முதலில் தோட்டத்துக்குப் போனோம். சிவக்குமார் வாசலிலேயே மறித்தார். ஒரு நிமிடம் கைகலப்பு ஆகிவிடும் போலத்தான் இருந்தது. மேடம் முன்னால் போய், "உங்க வீடியோவ எடுக்கச் சொல்ல வர்லீங்க. அது அப்படியே இருக்கட்டும். எதனால ஆச்சுன்னு பாக்கத்தான் வந்தோம்" என்றார். அவர் நம்பவில்லை. ஆனாலும் வழிவிட்டார்.

என்ஜினியர் மெயினை அணைத்துவிட்டுச் சோதித்தார். மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியை இடம் மாற்றி மாட்டியபோது எர்த் கம்பியைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. மோட்டாருக்குப் போகும் வயர் பெட்டியின் தகட்டு விளிம்பில் உராய்ந்து தோல் போயிருந்தது. மோட்டாரில் குறை இல்லை. நாராயணசாமியின் முகம் தெளிந்தது. "பாருங்க, நம்ம தப்பு இல்லீங்களே!" என்றார். அதோடு திரும்பிவிடலாம் என்றார். மேடம், "வந்தது வந்தோம், அவரையும் பாத்துட்டுப் போலாமுங்க" என்று ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடச் சொன்னார்.

குப்புசாமி பேசும் நிலையில் இருந்தார். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார். யார் மேலும் கோபப்படவில்லை. அவர் மனைவி ராசாத்திதான் பேசினார்.

"நாலஞ்சு நாளாவே பைப்பத் தொட்டா எர்த் அடிக்குது எர்த் அடிக்குதுன்னுட்டு இருந்தாருங்க. செருப்புப் போட்டுட்டுத் தொட்டா லேசாத்தான் இருக்குதுன்னாரு. போன்லயும் கேட்டாரு. அதுல ஒண்ணும் சொல்லலீங்க."

"போன்லயா?" என்று மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்னன்னுங்க கேட்டாரு?"

ராசாத்தி போனை எடுத்துக் கொடுத்தார். தேடியவை எல்லாம் அதில் இருந்தன. குப்புசாமிக்குத் தட்டச்சு வராது, வாயால் கேட்டிருக்கிறார். 'மோட்டர்ல எர்த் அடிக்குதுங்க என்ன பண்றதுங்க.' லேசாக ஷாக் அடிப்பதைத்தான் இங்கே எர்த் அடிக்கிறது என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மெஷினிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். அதைக் கண்டு நாங்கள் அலுவலகத்தில் பலமுறை சிரித்திருக்கிறோம். அன்று சிரிப்பு வரவில்லை. மேடம் அதே கேள்வியை அந்தப் போனிலேயே மறுபடி கேட்டார். வந்தவை எல்லாம் மோட்டார் விற்கும் பக்கங்கள். விலைப் பட்டியல்கள். மூன்றாவதாக நாராயணசாமியின் கம்பெனிப் பக்கம் இருந்தது. திறந்தால் குதிரைத்திறன், உத்தரவாதம், விற்பனையாளர் முகவரி. எர்த் பற்றி ஒரு சொல் இல்லை.

"மோட்டாரு வர்ற அட்டைப்பெட்டிக்குள்ள வெச்ச தாள்ல எர்த் குடுக்கணும்னு போட்டிருக்குதுங்களே" என்றார் என்ஜினியர் மெதுவாக.

"அது இங்கிலீசுங்க" என்றார் ராசாத்தி. பிறகு நாராயணசாமியைப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்க, லேசா அடிக்கறதுதான் பெருசா அடிக்கும்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

நாராயணசாமி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே நடந்தார். திரும்பி வரும் வழி முழுவதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கருமத்தம்பட்டி தாண்டிய பிறகுதான் மேடம் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, முதல் வரிசைல இருக்கறோம்னு எவ்வளவு சந்தோசப்பட்டோம். அவரு கேட்டப்பவும் நாம அங்கதான் இருந்தோம். வாயத் தொறக்கலையே."

மறுநாள் எழுத உட்கார்ந்தோம். என்ஜினியர் 'மின்கசிவு' என்று தலைப்பு வைக்கச் சொன்னார். 'லீக்கேஜ்' என்றும் போடலாம் என்றார். கண்டிப்பாக 'எர்த் அடிக்கிறதா?' என்றுதான் இருக்க வேண்டும் என்று நான் நின்றேன். மேடம் என் பக்கம் இருந்தார். தலைப்புக்குக் கீழே படம்கூட வேண்டாம், முதல் வரியிலேயே செய்ய வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்றார். இப்படி எழுதினேன்: 'உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள். மோட்டார், குழாய், பெட்டி எதையும் தொடாதீர்கள். லேசாக அடித்தாலும் உயிருக்கு ஆபத்து.' அடுத்து, ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் எப்படி மெயினை அணைப்பது. அதன் பிறகு காரணங்கள். ஒவ்வொரு வரியையும் என்ஜினியர் சரிபார்த்தார். மேடம் காதால் சரிபார்த்தார். எத்தனை முறை படித்துக் காட்டினேன் என்று நினைவில்லை, தொண்டை கட்டிவிட்டது.

கடைசிப் பத்தியில்தான் பிரச்சினை. மேடம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'அன்னூர்ப் பக்கம் எங்கள் மோட்டாரில் ஒரு விபத்து நடந்தது. எர்த் கம்பி மாட்டப்படாமல் இருந்தது. எர்த் அவசியம் என்பதை நாங்கள் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் மட்டுமே அச்சிட்டிருந்தோம். அது போதாது. இனி ஒவ்வொரு மோட்டாரின் மேலும் தமிழில் இருக்கும்.'

நாராயணசாமியின் மகன் அதைப் படித்துவிட்டுக் கொதித்துப்போனார். "நம்ம பக்கத்துல நாமளே எர்த் அடிக்குதுன்னு எழுதறதா? தப்ப ஒத்துக்கிட்டாப்ல ஆயிருமுங்க. போட்டிக் கம்பெனிக்காரன் இத எடுத்து ஊரெல்லாம் காட்டுவான்."

"ஜனங்க ஏற்கெனவே கேட்டுட்டுத்தான் இருக்காங்க" என்றார் மேடம். குரல் உயரவில்லை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "நீங்க சொல்றீங்களா, வேற ஆராவது சொல்லட்டுமா, அவ்வளவுதானுங்க. இன்னொண்ணு. இந்தப் பக்கத்துல விலை, போன் நெம்பரு, வாங்குங்கங்கற பட்டன், எதுவும் வராது."

"அப்பறம் எதுக்குங்க இந்தப் பக்கம்?"

"இது வேண்டாம்னா வேற ஆளப் பாத்துக்குங்க. அதுல எனக்கு வருத்தமில்லீங்க."

எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு அந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்தது. மேடத்தின் கை காகிதத்தின் மேல் அசையாமல் இருந்தது. மகன் அப்பாவைப் பார்த்தார். நாராயணசாமி காகிதத்தை வாங்கிக் கடைசிப் பத்தியை மட்டும் திரும்பப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தம்மா கேட்டதுக்கு நான் வாயத் தொறக்காம வந்துட்டேன்" என்றார். "போட்டுருங்கம்மணி."

பக்கம் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. வாரங்கள் போயின. தேடினால் எங்கேயோ அடியில் கிடந்தது. மகன் தினமும் போன் செய்தார். தலைப்பை மாற்றலாமா, சொற்களைக் கூட்டலாமா என்று எனக்கே கை பரபரத்தது. மேடம் விடவில்லை. "எழுதுனது சரியாத்தான இருக்குது? படிக்கறவங்க படிக்கட்டும்."

ஒரு நாள் காலையில் சிவக்குமார் அந்தப் பக்கத்தைத் தன் கணக்கில் பகிர்ந்திருந்தார். நாங்கள் கேட்கவில்லை. 'எங்கண்ணனுக்கு நடந்தது இதுதான். எல்லாரும் ஒருக்காப் படிச்சுப்போடுங்க. உங்க தோட்டத்துல எர்த் கம்பி இருக்குதான்னு பாருங்க' என்று எழுதியிருந்தார். முதல் வீடியோவைப் பார்த்துக் கோபப்பட்டவர்களிடமே இதுவும் போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் பக்கத்தைத் திறந்து கடைசிவரை படித்தார்கள், சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள். முதல் மழை பெய்த வாரத்தில் பக்கம் மேலே ஏற ஆரம்பித்தது. ஈரத்தில் எர்த் அடிப்பது அதிகம். தேடியவர்களின் சொற்கள் எங்கள் திரையில் வரும். 'பைப்ப தொட்டா எர்த் அடிக்குதுங்க.' 'கெணத்து மோட்டரு எர்த் அடிக்குது புள்ளைங்க இருக்காங்க.' நான் படிக்கப் படிக்க மேடம் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். தீபாவளிக்குள் அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கம்தான் முதலில் வந்தது. கம்பெனி பெயரோடு ஒட்டியிருந்த 'ஷாக்' எப்போது விலகியது என்று யாரும் கவனிக்கவில்லை. கடைக்காரர்கள் திரும்ப வந்தார்கள். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை.

அடுத்த வருடம் இன்னொரு கம்பெனி அந்தப் பக்கத்தை வரிக்கு வரி எடுத்துத் தன் பெயரில் போட்டது. மகன் கேஸ் போடலாம் என்று துடித்தார். மேடம் போனில் சிரித்தது பக்கத்து அறை வரை கேட்டது. "காப்பி அடிக்கட்டுமுங்க! இதையாச்சும் எல்லாக் கம்பெனிக்காரங்களும் காப்பி அடிக்கட்டும்."

இப்போது தேடுபொறி மறுபடியும் மாறிவிட்டது. கேள்வி கேட்டால் மேலேயே அது பதிலைச் சொல்லிவிடுகிறது. யாரும் உள்ளே வரத் தேவையில்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்னால், அந்தப் பக்கத்துக்கு வருபவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். மெஷின் சொல்லும் பதில் கிட்டத்தட்ட நாங்கள் எழுதியதுதான். கம்பெனி பெயர் மட்டும் இல்லை.

மாதாமாதம் நாராயணசாமிக்குக் கொடுக்கும் அறிக்கையில் நல்ல எண்களை மட்டும் முன்னால் வைக்கலாம் என்று ஒரு பெண் சொன்னாள். மேடம் சம்மதிக்கவில்லை. குறைந்ததை முதல் வரியில் எழுதச் சொல்லி, தானே போனில் அழைத்தார். நாங்கள் எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நாராயணசாமிக்கு இப்போது வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்காது.

"சார், அந்த எர்த் பக்கத்துக்கு வாறவங்க பாதியாக் கொறஞ்சுட்டாங்க. மெஷினே பதில் சொல்லிப்போடுது. நம்ம பேரு வர்லீங்க."

"என்ன பதிலுங்கம்மணி சொல்லுது?"

"மெயின மொதல்ல அணைக்கச் சொல்லுது. லேசா அடிச்சாலும் தொடாதீங்கன்னு சொல்லுது."

"தமிழ்லயா?"

"தமிழ்லதானுங்க."



"அப்பச் செரி" என்றார் நாராயணசாமி. "பேரு கெடக்கட்டும். வேறென்ன இருக்குது, சொல்லுங்க."

மேடம் அறிக்கையின் அடுத்த வரியைப் படித்தார்.